கொழுந்துக்காரி பி.ஏ.

தோட்டத்துச் செக்ரோலில் ஜெயலெட்சுமி ஒரு கொழுந்துக்காரி. செக்ரோல் என்றால் இன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் பதியும் பெரிய புத்தகம். ஒரு ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட அதைப் பார்த்துத்தான் ஆபீசில் நம்புவார்கள். அதிலே ‘பெண், கொழுந்து, மூன்றாம் கூட்டம்’, அதாவது மூன்றாவது வேலைக்குழு, என்று நாலு வருஷமாக அவள் பெயர் இருக்கிறது. அவளோ ஒரு நாளும் தலையில் கூடைக்கயிறு மாட்டியவள் இல்லை. தேயிலைச் செடியில் எதைக் கிள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் வரலாறும் படித்து பி.ஏ. வாங்கியவள் அவள். இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம் மலையேறிப் போனால் வரும் தோட்டம் அது. அங்கே பள்ளிக்கூடம் என்று ஒரு நீளமான தகரக் கொட்டகை உண்டு. ஐந்து வகுப்பு, ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். எழுபத்தேழில் அந்த வாத்தியாரும் இலங்கை இந்திய ஒப்பந்தப்படி பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த காலம். நம்முடைய முறையும் வரட்டுமே என்று ஆபீஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் கொட்டகைக்குள் கிட்டிப்புள் ஆடின. அந்தச் சமயத்தில்தான் ஜெயலெட்சுமி பட்டத்தோடு ஊருக்கு வந்து இறங்கினாள்.

பட்டம் வாங்கினால் உத்தியோகம் வாசலுக்கு வரும் என்று அவள் நம்பியது குற்றமில்லை. அப்போது எல்லாரும் அப்படித்தான் ஏமாந்தார்கள். கலைப்பட்டதாரி என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. எம்.பி.யின் கடிதம் இல்லாமல் ஒரு கதவும் திறக்கவில்லை. தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்குக் கடிதம் கொடுக்க எந்த எம்.பி.க்கு என்ன தலையெழுத்து? வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் ஒரு நாள் கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்தாள். மறுநாளும் போனாள். ஒரு மாதம் ஆனபோது அப்போதிருந்த துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், கூப்பிட்டுவிட்டார்.

“வாத்தியார் வேலைக்கு எனக்கு அனுமதி இல்லை. கொழுந்துக் கணக்கில் பேர் போட்டுவிடுகிறேன். நீ போய்ப் பிள்ளைகளைப் பார்” என்றார் அவர்.

பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலி. அப்படித்தான் பி.ஏ.க்காரி கொழுந்துக்காரி ஆனாள்.

அவளுடைய ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பா சிவஞானம் துரை பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு சின்ன மகள். அந்தப் பிள்ளைக்கு விளையாட ஆள் வேண்டும் என்று நாலு வயது ஜெயலெட்சுமியைப் பங்களாவுக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். ஆறு வருஷம் அவளோடு பொம்மைக்கு அடித்துக்கொண்டு, கோள் சொல்லி, அழுது, சமாதானமாகி வளர்ந்தவளுக்கு ஆங்கிலம் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாஷையாக இருக்கவில்லை. கோபம் வந்தால் முதலில் அதுதான் வாயில் வரும். வெள்ளைக்காரப் பிள்ளை சீமைக்குப் போன பிறகு துரைசாணி தயவில் பதுளையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சிவஞானம் இறந்துபோனார். அம்மா இராக்கம்மா இன்னும் மூன்றாம் கூட்டத்தில் கொழுந்து எடுத்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் முதலாளியின் துணிக்கடைக்கு ஜெயலெட்சுமி போனாள். முதலாளியின் மகள் ஜெனீரா அவளோடு பேராதனையில் ஒரே அறையில் இருந்தவள். அவளும் பி.ஏ.தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் உத்தியோகக் கவலை இல்லை. ஜெயலெட்சுமிக்கு வரும் கடிதமெல்லாம் அந்தக் கடை விலாசத்துக்குத்தான் வரும். தோட்டத்துக்கு வந்தால் ஆபீசில் பிரித்துப் பார்த்து, படித்து, சிரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஜெனீரா ஒரு பேப்பரை மடித்து அவள் முன்னால் போட்டாள்.

“இந்தா படி. ஒன்னையப் பாத்து அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.”

நைஜீரியாவில் ஒரு மாநிலத்துக்கு ஆங்கில ஆசிரியர்கள் தேவை. கலைப்பட்டம் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அளவுக்குப் பேச வரவேண்டும். மூன்று வருஷம் படிப்பித்த அனுபவம் வேண்டும், அதற்கு வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும். சம்பளத்தை ஜெயலெட்சுமி இரண்டு தரம் படித்தாள். வீடு, போக்குவரத்து, இரண்டு வருஷ ஒப்பந்தம். கொழும்பில் நேர்முகம்.

“அவ்வளவு தூரமா?” என்றாள்.

“இங்கேருந்து ஒனக்குப் பக்கத்து மொனராகலைக்குக்கூட ஒருத்தரும் வேல குடுக்கல்லயே” என்றாள் ஜெனீரா. “தூரத்தப் பத்திப் பேச வந்துட்டா.”

அன்றைக்கு மலையேறி வீட்டுக்கு வரும்போது ஜெயலெட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவை அந்தப் பத்தடி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்பதும் இருக்கட்டும். ஏதாவது ஒரு காகிதத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆசிரியை’ என்று இருக்கவேண்டும் என்பது அவளுக்கு நாலு வருஷத்து ஏக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆனால் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேளையோடு கிடைத்திருந்ததால் பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. ஆங்கிலமும் பட்டமும் இருந்தன. இல்லாதது அந்த ஒரு கடிதம்தான். அதற்காக அவள் ஆபீசுக்குப் போனாள்.

இப்போதிருந்த துரை புதியவர். அரசாங்கம் அனுப்பிய சிங்களத் துரை, கெட்டவர் இல்லை, ஆனால் கணக்குப் பரிசோதனைக்காரர்கள் என்ற பெயரைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவள் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்தார்.

“இதிலே நீ கொழுந்து எடுக்கிறவள்.”

“ஆனால் நான் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன், சார். நீங்களே போன மாதம் வந்து பார்த்தீர்கள்.”

“பார்த்தேன். நல்லாய்ச் சொல்லிக்கொடுக்கிறாய்” என்றார் துரை. “ஆனால் ஆசிரியை என்று நான் எழுதிக்கொடுத்தால், ஆசிரியைக்கு எப்படிக் கொழுந்துப் பேர் போட்டாய் என்று என் கழுத்தைப் பிடிப்பார்கள். புத்தகத்தில் உள்ளதைத்தான் நான் எழுதலாம்.”

உள்ளதை எழுதினார். பெரிய கிளாக்கர் அழகாக டைப் அடித்தார். மேற்படி ஜெயலெட்சுமி 1977 முதல் இத்தோட்டத்தில் வெளிக்களத் தொழிலாளியாகக் கடமையாற்றுகிறார், நடத்தை திருப்திகரம். கீழே பெரிய சீல். அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தேயிலைத் தூள் நாற்றம் வீசும் பாக்டரிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் கிளாக்கர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

ஜெனீராவிடம் சொன்னபோது அவள் ஒரு வாரத்தில் வேறு கடிதம் கொண்டுவந்தாள். டவுனில் உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு டியூட்டரி நடத்தும் ஒருவர், ஜெனீராவின் மாமா முறை, ஜெயலெட்சுமி மூன்று வருஷம் தன்னிடம் ஆங்கிலம் படிப்பித்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்.

“இது பொய்யில்லையா?” என்றாள் ஜெயலெட்சுமி.

“படிப்பிச்சது மெய்தானே? எடம் மட்டும்தான் பொய்” என்றாள் ஜெனீரா. “வாப்பாட காதுல போட்டுடாத. அவர் ஜே.பி., கொன்னுபோடுவார்.”

மொஹிதீன் முதலாளி சமாதான நீதவான். பொய்க் கடிதம் என்று தெரிந்தால் சீலை எடுத்து மகள் தலையிலேயே அடிப்பார். ஜெயலெட்சுமி இரண்டு கடிதத்தையும் ஒரே பைலில் வைத்தாள். மேலே டியூட்டரி, அடியில் தோட்டம்.

கொழும்பில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நேர்முகம். போனவள் மலைத்துவிட்டாள். நூறு பேருக்குமேல் இருந்தார்கள். அந்தப் பெண்கள் தும்முவதுகூட ஆங்கிலத்தில்தான். வீட்டிலே வேறு பாஷையே பேசாத குடும்பங்கள். குதிகால் செருப்பு, குட்டைத் தலைமுடி, அப்பாவோடு காரில் வந்தவர்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி எந்த ஊர் என்று கேட்டாள். பதுளை என்றாள் ஜெயலெட்சுமி. தோட்டம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு நைஜீரியர்கள். அகலமான வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பெரியவர் ஒருவர். தலையில் பூப்போட்ட துணியை உயரமாகச் சுற்றிய அம்மா ஒருத்தி. கேள்வியெல்லாம் அந்த அம்மாதான் கேட்டாள். ஜெயலெட்சுமி வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசினதுமே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆங்கிலம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையோடு சண்டை பிடித்துக் கிடைத்தது என்று அவள் உண்மையைச் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்குப் பயம் தெளிந்தது. தெளிந்ததுதான் வினை.

அம்மா டியூட்டரிக் கடிதத்தைப் படித்துக்கொண்டே கேட்டாள். “நாங்கள் உங்களை அனுப்பும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் எண்பது பிள்ளைகள் இருக்கும். எப்படிச் சமாளிப்பீர்கள்?”

“எண்பதுதானா?” என்றாள் ஜெயலெட்சுமி. “என்னிடம் நூற்றுப் பன்னிரண்டு. ஐந்து வகுப்பும் ஒரே கொட்டகை.”

வாய் தன்பாட்டில் ஓடியது. காலையில் பெரட்டு வைப்பேன் என்றாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. அதையே பிள்ளைகளுக்கும் செய்வேன். ஐந்தாம் வகுப்புப் பெரிய பிள்ளைகள் ஆறு பேர் கங்காணிகள். இரண்டு பேருக்கு ஒரு கூட்டம். முதல் கூட்டம் என்னோடு வாசிப்பு, இரண்டாவது மரத்தடியில் கணக்கு, மூன்றாவது சிலேட்டில் எழுத்து. அரை மணிக்கு ஒரு தரம் மணி அடித்து மாற்றுவேன். மழை வந்தால் தகரத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அப்போது எல்லாருக்கும் படம் வரைதல். எழுந்து நின்று கையை நீட்டி வரிசை காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். பெரியவர் ரசித்துத் தலையாட்டினார்.

அம்மா தலையாட்டவில்லை. கடிதத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள்.

“இந்தக் கடிதம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்கிறது. நகரத்தில் ஒரு தனியார் நிலையம் என்கிறது. மரத்தடியும் தகரக் கூரையும் எங்கே இருக்கின்றன?”

ஜெயலெட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாமா என்று இருந்தது. பைலைத் திறந்து அடியில் இருந்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் கடிதம் பொய், இடத்தைப் பொறுத்தவரை பொய் என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், செக்ரோல், கொழுந்துப் பேர், துரையின் பயம் எல்லாம்.

அம்மா இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொய்க் கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

“நீங்கள் சொன்ன பள்ளிக்கூடம் உண்மை என்று எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தால் போதாது, என் பைலுக்குத் தெரியவேண்டும்” என்றாள். “பதினைந்து நாள் இங்கே இருப்பேன். உங்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம், ஒரு நீதவான் சீலோடு வரட்டும். அதுவரை ஒரு இடத்தை வைத்திருக்கிறேன்.”

ரயிலில் வரும்போது ஜெயலெட்சுமி யோசித்து யோசித்து மண்டை காய்ந்தாள். வேலை கொடுத்தது தோட்டம். தோட்டம் எழுதாது. பழைய துரை எந்த நாட்டில் இருக்கிறாரோ. மிச்சம் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான். அவர்கள் சாட்சி சொன்னால் ஏற்கமாட்டார்களா? வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல், கொட்டகையில் கூட்டம். ஆண்கள் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் தரையில். தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா முன்னால் இருந்தார். அவருடைய நாலு பிள்ளைகள் அந்தக் கொட்டகையில் படிக்கின்றன. ஜெயலெட்சுமி விஷயத்தைச் சொல்லி, நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும் என்று கேட்டாள். கேட்கும்போதே சங்கடமாக இருந்தது.

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“டீச்சர், நா ஒளிச்சு மறைச்சுப் பேச மாட்டேன். நீங்க நல்லா இருக்கணும். ஆனா நாங்க கையெழுத்துப் போட்டா நீங்க போயிருவீங்க. எங்க புள்ளைங்க படிப்ப நாங்களே மூட்டை கட்டி அனுப்பணுமா? மறுபடி கிட்டிப்புள்ளுதானே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அது ஜெயலெட்சுமிக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“நாலு வருஷம் இருந்தேன், தலைவரே. நா கேக்குறது நீங்க பாத்த உண்மைய எழுதித் தாங்கன்னுதான்.”

“அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு” என்றார் வீரய்யா. “வேலை குடுத்தவுங்க கடுதாசியில்ல கேட்டிருக்காங்க? ஒங்களுக்கு வேலை குடுத்தது தோட்டம். நாங்க யாரு?”

“தோட்டந்தான் குடுத்தது. ஆனா துரை எழுத மாட்டேங்கிறாரே” என்றாள் அவள்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் கூட்டத்துப் பாக்கியலெட்சுமி. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு அவள் எழுந்தாள்.

“தோட்டம் குடுத்துச்சாம்ல” என்றாள். “ஏ புள்ள, கொழுந்து நிறுக்காம பேர் விழுமா? என்னிக்காச்சும் யோசிச்சியா நீ?”

“பாக்கியம், வாய மூடு” என்றாள் இராக்கம்மா. குரலில் பதற்றம் இருந்தது.

“நாலு வருஷமா மூடித்தானே இருந்தேன், இராக்கு. இப்பத்தான் தெறக்க வேண்டிய நேரம்.” பாக்கியலெட்சுமி ஜெயலெட்சுமியைப் பார்த்தாள். “ஒன் பேருக்கு நேரா ஒரு நாள் கொழுந்து நிறுத்தாத்தான் ஒனக்குப் பேரு. பழைய துரை பேர எழுதச் சொல்லிட்டுப் போயிட்டாரு, கொழுந்த அவரா வந்து புடுங்குனாரு? கணக்கப்பிள்ள தம்பையா தலையில கைய வச்சுக்கிட்டு நின்னாரு. நாங்கதான் சொன்னோம், ஒரு கூடைய ஓரமா வைங்கன்னு. மூணாங் கூட்டத்துல முப்பத்தாறு பொம்பளைங்க. நிறுவைக்கு வரும்போது ஆளுக்கு ரெண்டு கை அதுல போடுவோம். அதுதான் ஒன் கொழுந்து.”

ஆண்களில் பாதிப் பேருக்கு இது இப்போதுதான் தெரியும் போலிருந்தது. ஒருவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“மழையிலயுமா?” என்றாள் ஜெயலெட்சுமி.

“மழையில கூடக் கொஞ்சம் கனக்கும்” என்றாள் பாக்கியலெட்சுமி. “கொழுந்து கொறஞ்ச நாள்ல எங்களுக்கே அரைப்பேருதான் விழும். அன்னிக்கும் போட்டோம். ஒங்கம்மா ரெண்டு கைன்னா மூணு கையாப் போடுவா.”

ஜெயலெட்சுமி அம்மாவைப் பார்த்தாள். இராக்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சா நீ வேணாம்னு சொல்லிருவே” என்றாள் மெதுவாக. “அதான் சொல்லல.”

ஜெயலெட்சுமி அழுதுவிட்டாள். நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால், தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிப் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆபீஸ் தனக்கு ஏதோ தயவு காட்டுகிறது என்று நாலு வருஷம் நினைத்திருந்தாளே, அந்த வெட்கம் ஒரு பக்கம். தன் சம்பளம் இந்தப் பெண்களின் விரல் நகத்திலிருந்து வந்திருக்கிறது என்ற வேதனை ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று போகாத நாட்கள்கூட ஞாபகத்துக்கு வந்தன.

“நா போகல” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இங்கேயே இருக்கேன்.”

“போடி பைத்தியக்காரி” என்றாள் பாக்கியலெட்சுமி. “ஒன்னையக் கட்டிப்போடவா கொழுந்து போட்டோம்? எங்க புள்ளைங்க படிச்சு இந்த மலைய விட்டு ஒண்ணாவது வெளிய போகணும்னுதானே போட்டோம். மொத மொதல்ல ஒண்ணு போகப்போகுது. அதப் புடிச்சு நிறுத்துனா நாங்க மனுசிங்களா?”

வீரய்யா தொண்டையைக் கனைத்தார். “அதெல்லாஞ் சரி. அடுத்து யாரு?”

“ஒங்க மூத்தவ தனலெட்சுமி இருக்காள்ல? சாதாரணதரப் பரீட்ச பாஸ் பண்ணிட்டு வீட்டுல சோறாக்கிக்கிட்டு இருக்கா. அவ பேரப் போடச் சொல்லுங்க. கூடைய நாங்க பாத்துக்குறோம்.”

சொந்த மகளை டீச்சர் ஆக்காதே என்று எந்தத் தகப்பன் சொல்வான்? வீரய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“கூடையெல்லாம் ரொம்ப நாளைக்கு வேணாம்” என்றார் கடைசியில். “பொம்பளைங்க கையில நிக்கிற பள்ளிக்கூடம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது, வெக்கமா இருக்கு. சங்கம் பேர்ல துரைக்கிட்ட டீச்சர் வேலைய நா கேக்குறேன். அது கெடைக்கிற வரைக்கும் கூடை இருக்கட்டும். ஆனா இந்தக் கடுதாசி ஆபீஸ் பக்கம் போகப்படாது. தம்பையா வேலை போயிரும்.”

போகவேண்டிய இடம் ஆபீஸ் இல்லையே. தனலெட்சுமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பாக்கியலெட்சுமி சொல்லச் சொல்ல அவள் தமிழில் எழுதினாள். ஜெயலெட்சுமி ஒரு திருத்தமும் செய்யக்கூடாது என்று தலைவர் உத்தரவு. சங்கத்து மைப்பெட்டி வந்தது. முப்பத்தாறு பேரும் வரிசையில் வந்தார்கள், பெரும்பாலோர் பெருவிரலை அழுத்தினார்கள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். மையில் வைக்கும் முன்பே பாதி மை இருந்தது. நாலைந்து பேர் கையெழுத்தே போட்டார்கள். ஜெயலெட்சுமி பின்னேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததில் கற்றுக்கொண்டவர்கள். ஒருத்தி தன் பெயரை எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் எடுத்தாள். வரிசை பொறுமையாக நின்றது.

மறுநாள் பதுளையில் மொஹிதீன் முதலாளி கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். துணி அளந்துகொண்டிருந்த ஜெனீரா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

“மகள், இதுல உள்ளதெல்லாம் மெய்தானே?” என்று ஜெயலெட்சுமியைக் கேட்டார்.

“மெய்தான், முதலாளி.”

“நாப்பது வருஷம் யாவாரம் செய்றேன்” என்றார் அவர். “சம்பளம் குடுக்குற ஆளு சம்பளம் வாங்குறவள்ட்ட அத மறச்சு வச்சத இப்பத்தான் கேள்விப்படுறேன்.” சீலை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினார். ஜெயலெட்சுமி அடியில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினாள். எழுதும்போது கை இரண்டு இடத்தில் நின்றது.

பதினைந்தாம் நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் கொழும்பு போய்ச் சேர்ந்தாள். அதே மேல்மாடி, அதே மேசை. பெரியவர் அன்றைக்கு இல்லை. அந்த அம்மா தனியாக இருந்தாள். முதலில் கைரேகைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். பிறகு ஆங்கிலத்தை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

“மூன்றாம் கூட்டத்தில் கொழுந்து எடுக்கும் முப்பத்தாறு பேராகிய நாங்கள் எழுதுவது. 1977 முதல் இன்றுவரை எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஜெயலெட்சுமியை வேலைக்கு வைத்திருப்பது நாங்கள்தான். கொழுந்தில் சம்பளம் கொடுத்தோம். அவளுக்குத் தெரியாது. அவளுடைய வேலையில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, கோபம் கொஞ்சம் அதிகம்.”

அந்த இடத்தில் அந்த அம்மா நிறுத்திச் சிரித்தாள். ஜெயலெட்சுமிக்கு முகம் சிவந்தது.

“நாங்கள் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அனுப்புகிறோம். அங்கேயும் பிள்ளைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டோம்.”

படித்து முடித்துக் கடிதத்தை மேசையில் வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். கண்ணைத் துடைக்கத்தான் அந்தச் சாக்கு என்று ஜெயலெட்சுமிக்குத் தெரிந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பெயருக்கு நேரே ஜெயலெட்சுமி என்றும், தொழிலுக்கு நேரே ஆசிரியை என்றும் எழுதினாள். எழுத்தை ஜெயலெட்சுமி தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“எப்போது புறப்பட முடியும்?” என்று கேட்டாள் அந்த அம்மா.

உடனே என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

“அதை நானாகச் சொல்ல முடியாது” என்றாள். “போய் என் முதலாளிகளைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.”